ஒரு வண்டிக் கல்லுக்கு ஒரு மூக்குத்தி

வேம்புலி: "மாமா, நீ முழுங்கின தங்கம் இன்னும் வயித்துலயே கீதா?" இத்த என்னாண்ட கேட்டது யாரு தெரிமா தங்கச்சி? உன் பொண்ணு தெரசா. அடிபம்பாண்ட, அத்தினி பொம்பளைங்க கொடத்தோட நிக்கறப்ப.

ஹில்டா: ஐயோ ஏசுவே! எப்பண்ணா?

வேம்புலி: நான் சவூதிலேந்து திரும்பி வந்த புதுசுல. இப்ப சிரிப்பு வருது. அன்னிக்கி கொடத்த அங்கியே போட்டுட்டு கொரட்டூர் ஏரிப்பக்கம் ஓடிடலாம்னு இருந்துச்சி.

பொன்னியம்மா: நீ இன்னா பதில் சொன்ன? அத்த சொல்லு ஹில்டாவாண்ட.

வேம்புலி: "இல்ல கண்ணு, காலைலயே வெளிய போய்ட்டு வந்துட்டேன்"ன்னேன்.

ஹில்டா: சீ... போங்கண்ணா! சின்னதுக்கு வாய் ஜாஸ்தி. வரட்டும், முதுகுல ரெண்டு வெக்கறேன்.

வேம்புலி: கொழந்தைய எதுக்கு அடிக்கற? பெரியவங்க எம் முதுகுக்குப் பின்னாடி பேசினாங்க. அது மூஞ்சிக்கு நேரா கேட்டுச்சி. அவ்ளோதான்.

ஹில்டா: நின்னுகினே பேசறீங்களே... அண்ணி, இப்டி வந்து உக்காருங்க. தட்டு, வெத்தல பாக்கு, குங்குமம்... இன்னா விசேஷம்?

பொன்னியம்மா: வனஜாவுக்கு நிச்சயதார்த்தம்மா! வர ஞாயித்துக்கெழம. உங்க பூச முடிஞ்சதும் கெளம்பி வந்துடு.

ஹில்டா: ரொம்ப சந்தோசம் அண்ணி! மாப்ள எங்க?

பொன்னியம்மா: அதே நெமிலிச்சேரிதான். பரந்தாமன் பையன்.

ஹில்டா: வேணாம்னு சொல்ட்டாங்கன்னு அழுதீங்களே...

பொன்னியம்மா: சொன்னாங்க. "உன் புருசன் அரபு நாட்ல தங்கம் திருடி மாட்டிகினு வந்தவனாமே, அந்த ஊட்ல பொண்ணு எடுக்க மாட்டோம்"னு பையனோட அம்மா ஆள் உட்டு சொல்லி அனுப்பிச்சி. எம் பொண்ணு ரெண்டு நாளு சோறு துன்னல. அப்பறம் பாத்தா, போன சனிக்கெழம பரந்தாமனே சைக்கிள மிதிச்சிகினு கள்ளிக்குப்பம் வந்து நிக்கறாரு. "ஆள் தெரியாம பேசிட்டோம், மனசுல வெச்சிக்காதீங்க. வனஜாதான் எங்க ஊட்டுக்கு மருமவ"ன்னாரு. ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்த இல்ல.

வேம்புலி: மோர் குடுத்தா குடிச்சிட்டு கெளம்பிட்டாரு.

பொன்னியம்மா: எல்லாம் ஆத்தா செஞ்ச வேல. கூழ் ஊத்தறேன்னு வேண்டிகினேன். கேட்டுடுச்சி.

ஹில்டா: நானும் மாதா கோயில்ல மெழுகுவர்த்தி ஏத்தினேன் அண்ணி. நல்லது நடந்துச்சே, அது போதும்.

வேம்புலி: ஆத்தாவும் மாதாவும் சேந்து அலஞ்சிகீறாங்க, எம் பொண்ணுக்காவ!

ஹில்டா: அண்ணா, ஒண்ணு கேக்கணும். அங்க இன்னாதான் நடந்துச்சி? எங்க ஊட்டுக்காரரு லெட்டர் போட்டா "கல்லு, மணலு, வெயிலு, நான் சொகம்". அத்தோட முடிஞ்சிடுது.

பொன்னியம்மா: கேளு, கேளு. எனக்கும் இன்னும் புரியல.

வேம்புலி: இன்னா புரியல? அது சவூதிக்கு வடக்கால பாலைவனம். அங்க தரைல கெடக்கற கல்லு அந்த காலத்து கல்லு. எந்த காலம்னு கேளு.

ஹில்டா: எந்த காலம்?

வேம்புலி: எங்க கேம்ப்ல ஒரு கனடாகாரரு இருந்தாரு. கல்லு படிச்சவரு. உன் ஊட்டுக்காரன் ஜெயபால் அவராண்ட கேட்டான், "சார், இது ஆதாம் ஏவாள் காலமா?"ன்னு. "மரம் இல்ல, மீனு இல்ல, புழு கூட இல்லாத காலம்"னாரு. பூமிக்கு கேடயம் புடிச்ச மாதிரி அப்டியே கீதாம், அசையாம.

ஹில்டா: அந்த கல்லுக்குள்ளதான் தங்கமா?

வேம்புலி: இருந்தாலும் இருக்கும். அத்த பாக்கத்தான் தொளை போடறது. வைரம் பதிச்ச கொழாய் சுத்திகினே எறங்கும். உள்ள கீற கல்லு கரும்பு மாதிரி நீள நீளமா மேல வரும். எத்தினி அடில வந்துச்சின்னு எழுதி, வரிசையா பொட்டில அடுக்கணும். அப்பறம் நீளவாக்குல ரெண்டா அறுத்து, ஒரு பாதி பொட்டிலயே இருக்கும். இன்னொரு பாதிய ஒடச்சி பையில கட்டினா, லேபுல மாவா அரச்சி பாப்பாங்க.

பொன்னியம்மா: மஞ்ச மஞ்சளா மின்னுமா?

வேம்புலி: மின்னும்! நான் அங்க இருந்த வரைக்கும் கண்ணால ஒரு பொட்டு பாத்ததில்ல. ஒரு மாட்டு வண்டி கல்ல அரச்சா ஒரு மூக்குத்திக்கு தேறும். அதுக்கே அவங்க குதிப்பாங்க. நான் தங்கம் முழுங்கணும்னா வண்டியோட முழுங்கணும்.

பொன்னியம்மா: மாட்டையும் சேத்து முழுங்குவ நீ. மேல சொல்லு.

வேம்புலி: அங்க ஒரு சட்டம். கல்ல தொடறவன் கைல, கழுத்துல தங்கமே இருக்கக்கூடாது. கல்லு முரடு, தங்கம் மெத்து. ஒரு ஒரசல் ஒரசினா தூளு ஒட்டிக்கும். அப்பறம் மிசினு, "கல்லுல தங்கம் கீது"ன்னு பொய் சொல்லிடும். கேம்ப்ல எல்லாரும் மோதிரம், சங்கிலி கழட்டி ஒரு பிஸ்கட் டப்பால போட்டு வெப்போம். சுலைமான்னு ஒரு கேரளாகாரன், தங்கப்பல்லு கட்டினவன். அவன் பயந்துகினு வாயவே தொறக்கமாட்டான்.

ஹில்டா: நெஜமாவா?

வேம்புலி: கொட்டாவி உட்டா கூட கைய வெச்சி மூடிக்குவான்! சரி கேளு. ஒரு நாளு, ஒண்ணுமே இல்லாத ஒரு தொளைலேந்து போன பையில தங்கம்னு ரிப்போர்ட் வந்துச்சி. கேம்ப்பே ஆடிச்சி. ஆடு அடிச்சி விருந்து. இன்னொரு மிசின கொண்டாந்து நிறுத்தி, கோழி கெளர்ற மாதிரி சுத்தி சுத்தி தொளை போட்டோம். ஒண்ணும் இல்ல. பொட்டில இருந்த மறுபாதிய அரச்சி பாத்தாங்க. அதுலயும் இல்ல.

ஹில்டா: அப்ப...

வேம்புலி: அப்ப எவனோ மோதிரத்தோட கல்ல ஒடச்சிகீறான். கனடாகாரரு எல்லாரையும் வரிசைல நிக்க வெச்சாரு. "யாரு?"ன்னாரு. நான்தான்னு கைய தூக்கினேன். பிளேன் ஏத்திட்டாங்க. கத முடிஞ்சிது.

பொன்னியம்மா: எங்க முடிஞ்சிது? ஹில்டா, நீயே கேளும்மா. எங்க கல்யாணத்துக்கு எங்கப்பாரு இந்த ஆளுக்கு ஒரு வேட்டிதான் எடுத்து குடுத்தாரு. இவன் கைல நான் மோதிரமே பாத்ததில்ல. நெமிலிச்சேரிக்காரங்க அதான் புடிச்சிகினாங்க. "மண்ணு வெட்டினவன் கைல ஏது மோதிரம்? திருடி மாட்டிகினு கத உடறான்"னாங்க. நான் இன்னான்னு பதில் சொல்ல?

வேம்புலி: அங்க வாங்கினேன்டி.

பொன்னியம்மா: வாங்கினது எங்க?

வேம்புலி: பம்பாய் ஏர்போர்ட்ல... தொலஞ்சி பூட்ச்சி.

பொன்னியம்மா: போன மாசம் கேட்டா ரயில்ல தொலஞ்சிதுன்ன!

வேம்புலி: ஏர்போர்ட்லேந்து ரயிலுக்கு போற வழில.

ஹில்டா: உடுங்க அண்ணி. மோதிரம் போனா போகுது.

பொன்னியம்மா: எவளுக்காவது குடுத்துட்டு வந்துகீறானோ இன்னாவோ!

வேம்புலி: பாலைவனத்துலயா? ஒட்டகத்துக்கு எந்த வெரல்ல மாட்டறது?

ஹில்டா: அண்ணா... எனக்கு சிரிச்சி சிரிச்சி வயிறு நோவுது. அவரு எப்டி கீறாரு அங்க? அத்த சொல்லுங்க.

வேம்புலி: ஜெயபாலா? ராஜா மாதிரி கீறான். நான் வந்தப்பவே மிசின் ஓட்ட கத்துக்குடுக்க ஆரம்பிச்சிட்டாங்க. கெட்டிக்காரன். நல்ல மனசு வேற. எனக்கு ஒரு தபா காச்ச வந்து நாக்கு தடிச்சி, கண்ணே தொறக்கல. வேல முடிச்சிட்டு வந்து, அவன் பங்கு அரிசில கஞ்சி வெச்சி, தலைய மடில தூக்கி வெச்சிகினு ஊட்டி உட்டான். எங்கம்மாவுக்கு அப்பறம் எனக்கு ஊட்டி உட்டது அவன் ஒருத்தன்தான்.

பொன்னியம்மா: நான் ஊட்டலையா?

வேம்புலி: நீ ஊட்டினது திட்டு.

பொன்னியம்மா: பாத்தியா ஹில்டா!

ஹில்டா: நீங்க அங்க போனதே அவராலதான, அண்ணா?

வேம்புலி: ஆமா, ஏஜெண்டாண்ட இட்டுகினு போனதே அவன்தான். அவன கொற சொன்னா என் நாக்கு அழுகிடும். இப்ப எனக்கு இன்னா கொற? பட்டாபிராம்ல போர் போடறேன். அங்க தங்கத்துக்கு தொளை போட்டேன், வரல. இங்க தண்ணிக்கு போடறேன், வருது.

பொன்னியம்மா: சரி, சரி, நேரமாவுது. ஹில்டா, ஞாயித்துக்கெழம வேன் வெச்சிகீது. நம்ம ஊட்ல எடம் பத்தாது, அவங்க ஊட்லயே வெச்சிக்கலாம்னு பரந்தாமனே சொல்ட்டாரு. நாங்க யாரும் இன்னும் அவங்க ஊட்ட பாக்கல. மாடி ஊடாம்.

ஹில்டா: தட்ட தூக்கிகினு ஏறும்போது பாத்து ஏறுங்க அண்ணி. மேல் படில கல்லு ஆடுது.

பொன்னியம்மா: சரிம்மா, ஏற்கெனவே முட்டி வலி எனக்கு. இரு, நான் பக்கத்து ஊட்டு சகாயம்மாளுக்கு பாக்கு வெச்சிட்டு வந்துடறேன். இந்த ஆளு இங்கியே கெடக்கட்டும். வந்தா இந்த கதையவே அங்கயும் ஆரம்பிச்சிடுவான்.

ஹில்டா: வாங்க அண்ணி, காப்பி போட்டு வெக்கறேன்.

வேம்புலி: அவ போய்ட்டாளா பாரு.

ஹில்டா: இன்னாண்ணா? சக்கர போடட்டுமா, வெல்லமா?

வேம்புலி: தங்கச்சி...

ஹில்டா: சொல்லுங்க.

வேம்புலி: மேல் படில கல்லு ஆடுதுன்னியே.

ஹில்டா: ஆமா... எல்லா ஊட்லயும் ஏதாவது ஒரு கல்லு ஆடத்தான் ஆடும்.

வேம்புலி: நானே அந்த வாசப்படி மிதிச்சதில்ல. நீ எப்ப போன?

ஹில்டா: பால் பொங்குது, இருங்கண்ணா...

வேம்புலி: அடுப்பே இன்னும் பத்த வெக்கல நீ.

ஹில்டா: இதோ, தீப்பொட்டிய தேடறேன்ணா...

வேம்புலி: எப்ப போன தங்கச்சி?

ஹில்டா: போன வெள்ளிக்கெழம. தெரசாவ ஸ்கூல்ல உட்டுட்டு அப்டியே ரயில் ஏறிட்டேன். பரந்தாமன் வேலைக்கு போய்ட்டாரு. அந்தம்மா மட்டும்தான் இருந்தாங்க.

வேம்புலி: பொன்னி ஆத்தாவுக்கு கூழ் ஊத்த கேவுரு வாங்கி வெச்சிகீறா...

ஹில்டா: ஊத்தட்டும்ணா. எனக்கு அந்த ஊட்ட கண்டுபுடிக்க வழி காட்டினது யாருன்னு நெனச்சீங்க? அந்த ஆத்தாதான். அண்ணியாண்ட மட்டும் சொல்லாதீங்க. சந்தோசமா கீறாங்க.

வேம்புலி: நீ போய் நான் நல்லவன்னு சொன்னா நம்பிடுவாங்களா? எங்க ஆளுங்க எத்தினி பேரு சொல்லி பாத்தாங்க. அப்டி இன்னாதான் சொன்ன அந்தம்மாவாண்ட?

ஹில்டா: எனக்கு எங்கண்ணா பேச்சு வந்துச்சி. நீங்க வந்து எறங்கின அன்னிக்கி, "ஜெயபால் பத்திரமா வெக்க சொன்னான்"னு பேரீச்சம்பழத்துக்குள்ள பொதச்சி அவரு கல்யாண மோதிரத்த குடுத்தீங்களே... அத்த முந்தானைலேந்து அவுத்து அந்தம்மா கைல வெச்சேன். கல்லு ஒடச்சி ஒரு பக்கம் தேஞ்சி போயிருந்துச்சி, தடவி பாத்தாங்க. உள்பக்கம் வெட்டியிருந்த பேர எழுத்துக்கூட்டி படிச்சிட்டு, "ஹில்டான்னா யாரு?"ன்னு கேட்டாங்க. "நான்தாங்க. அந்த ஊர்ல கோயில் கெடையாது, இத்தயாவது கழட்டாதேன்னு எங்க ஊட்டுக்காரராண்ட சத்தியம் வாங்கி அனுப்பினவ"ன்னு சொன்னேன்.