அத்தை அசையல

இல்லங்க, அந்த மிஷின் கதவை இழுக்காதீங்க. துணி முடியுற வரைக்கும் அது திறக்காது. இன்னும் அரைமணி நேரம் ஓடும். மேல போயிட்டு வரலாம்தான், ஆனா திரும்பி வரும்போது உங்க ஈரத்துணிய எடுத்து மேல வச்சிட்டு அவங்க துணியப் போட்டிருப்பாங்க. இந்த பில்டிங் ஜனங்க அப்படி. உக்காருங்க. அந்தப் பக்கம் பெஞ்சு கால் ஆடும், இப்படி வாங்க.

ஆமா, நாலாவது மாடிதான். உங்க வீட்டுலேருந்து மூணு கதவு தள்ளி. நீங்க தமிழ்னு எனக்கு நீங்க குடி வந்த அன்னைக்கே தெரியும். லிஃப்ட்ல ஃபோன்ல யாரையோ வாங்கு வாங்குன்னு வாங்கிட்டு இருந்தீங்க. நான் சிரிச்சேன். டக்குன்னு ஃபோனை வச்சிட்டு எனக்கு இந்த ஊர் பாஷையில வணக்கம் சொன்னீங்க. சரி, ஒதுங்கியிருக்க நினைக்கிறாங்கன்னு நானும் விட்டுட்டேன். தப்பு சொல்லல. ஒரு தடவை சிரிச்சா மறுநாள் ஏதாவது கேட்டு வந்து நிப்பாங்கன்னு எல்லாருக்கும் பயம்தான்.

ஆனா இன்னைக்கு நான் யார்கிட்டயாவது தமிழ்ல திட்டியே ஆகணும். அஞ்சு நாளா இந்த ஊர் பாஷையில மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்கன்னு சொல்லிச் சொல்லி எனக்கே என்னைப் பிடிக்கல.

செவ்வாய்க்கிழமை காலையில ஆம்புலன்ஸ் வந்துச்சே. அது எங்க வீட்டுக்குத்தான். யாருக்கும் ஒண்ணும் ஆகல. அதுதான் கூத்தே.

எங்க வீட்டு ஏற்பாட்டச் சொல்றேன், அப்பத்தான் புரியும். இவரு கோல்டு ஸ்டோரேஜ்ல ராத்திரி வேலை. நான் ஆபீஸ் சுத்தம் பண்ற வேலை, விடியக்காலம் போயிடணும், அவங்கல்லாம் வந்து உக்கார்றதுக்குள்ள குப்பைய எடுத்து மேஜையத் துடைச்சு வச்சிடணும். ஒவ்வொரு மேஜையிலயும் அவங்கவங்க புள்ளைங்க போட்டோ இருக்கும். அதையும் துடைச்சு, அவங்க பக்கம் திருப்பி வைக்கணும். அதுவும் என் வேலைதான். நான் கிளம்பி, இவரு பஸ் பிடிச்சு வந்து சேர்றதுக்கு நடுவுல ஒரு முக்கா மணி நேரம் வீட்டுல பெரிய ஆளு யாரும் இருக்க மாட்டோம். காப்பகம் திறக்க எட்டு மணி ஆகும். பெரியவளுக்கு நாலு வயசு, சின்னவன் இப்பத்தான் நடக்கிறான். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க.

அதான் நாத்தனார். இவரோட அக்கா. ஊர்ல அப்ப நல்ல வெயில் நேரம், சமையலுக்கு உக்காந்திருப்பாங்க. நான் கிளம்பும்போது வீட்டுல இருக்கிற பழைய ஃபோன்ல வீடியோ கால் போட்டு, அதை அரிசி டப்பா மேல சாய்ச்சு கட்டிலைப் பாத்த மாதிரி வச்சிட்டுப் போவேன். அவங்க அங்க காய் நறுக்கிட்டே இங்க இதுங்களைப் பாத்துக்குவாங்க. ரெண்டும் தூங்கிட்டுதான் இருக்கும். சின்னவன் புரண்டு படுத்தா, டேய் ஓரத்துக்கு வராதடான்னு அங்கிருந்தே ஒரு அதட்டு. நம்ப மாட்டீங்க, தூக்கத்துலயே நகர்ந்து படுப்பான். ஏதாவதுன்னா எனக்கோ இவருக்கோ உடனே சொல்லிடுவாங்க. ஏழு மாசம் ஓடுச்சுங்க இப்படி.

நீங்க சிரிக்கல. நல்லது. அப்புறம் விசாரிக்க வந்த ஆபீஸரம்மாவும் சிரிக்கல.

செவ்வாய்க்கிழமை என்ன ஆச்சுன்னா, பெரியவ முழிச்சிட்டா. கட்டில்ல உக்காந்து அத்தைகிட்ட கதை பேசிட்டிருந்திருக்கா. அந்த நேரம் பாத்து எங்க வீட்டு நெட் மக்கர் பண்ணி ரெண்டு பக்கமும் படம் அப்படியே நின்னுடுச்சு. அங்க நாத்தனார் பாக்குறாங்க, புள்ள கையைக் கட்டிட்டு அசையாம உக்காந்திருக்கா. சரி, நம்ம சொல்லுக்குக் கட்டுப்பட்டு இருக்கான்னு நினைச்சிட்டாங்க மகராசி. நினைச்சதோட விட்டாங்களா. அதைப் படம் பிடிச்சு குடும்ப குரூப்ல போட்டு, என் மருமக எவ்வளவு சமத்து பாருங்க, அம்மாகிட்ட இருந்தா இப்படி இருக்க மாட்டான்னு எழுதியிருக்காங்க. நான் யாரோட மேஜையையோ துடைச்சிட்டிருக்கேன், ஃபோன்ல அது வருது. பாத்துட்டு பல்லைக் கடிச்சிக்கிட்டு ஒரு ஹார்ட் வேற போட்டேன். என் புள்ள அப்ப கட்டில்லயே இல்ல.

அவ என்ன பண்ணிருக்கா தெரியுமா? அவ பக்கத்துல பாத்தா, அத்தை வாயைப் பாதி திறந்து, கண்ணு ஒரு மாதிரி சொருகி, கையில கத்தியோட அப்படியே நிக்கிறாங்க. அத்தை அத்தைன்னு கூப்பிட்டிருக்கா. பதில் இல்ல. ஃபோனைத் தடவிக் கொடுத்திருக்கா. அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கதவைத் திறந்து, வெறுங்காலோட வராண்டாவுக்குப் போயிட்டா. அத்தைக்கு உடம்பு சரியில்ல, ஆளைக் கூட்டிட்டு வரணும்னு. நாலு வயசுங்க.

பூட்டிட்டுப் போயிருக்கலாமா? இவரும் அதைத்தான் கேட்டாரு. வெளியே பூட்டிட்டுப் போயி, உள்ள தீப்பிடிச்சா? அதுக்குத்தான் பூட்டல. பூட்டினாலும் தப்பு, பூட்டலன்னாலும் தப்பு. மூளைய எடுத்து வெளிய வச்சிட்டு வேலைக்குப் போற மாதிரிதான் தினமும் போறேன், அது அவருக்குத் தெரியாது. அவருக்கு ஷிஃப்ட் முடிஞ்சா தூக்கம். கண்ணு சிவந்து போயி வராரு, அவரையும் ஒண்ணும் சொல்ல முடியல. அதுவே ஒரு ஆத்திரம் எனக்கு.

உங்க மிஷின் இன்னும் சுத்துதுங்க, எத்தனை தடவைதான் பாப்பீங்க.

பெரியவ ஒவ்வொரு கதவா தட்டிருக்கா. ஒரு கதவு திறக்கவே இல்ல. எதிர் வீட்டு நாய்க்காரரு திறந்து பாத்துட்டு, இவ சொல்றது புரியாம, வீட்டுக்குப் போன்னு கையைக் காட்டிட்டு சாத்திட்டாரு. எட்டு மாசமா லிஃப்ட்ல பாக்குறாரு அவளை. அந்த நாய் பேரு எங்க வீட்டு சின்னவனுக்குக்கூடத் தெரியும். இருக்கட்டும், அவரை நான் ஒருநாள் நல்லா கேக்குறேன்.

அப்புறம் யாரோ ஒரு புண்ணியவதி திறந்திருக்கா. திறந்து என்ன பண்ணா? மூணு கதவு, எட்டு வச்சா எங்க வீடு. வந்து ஒரு தடவை எட்டிப் பாத்திருக்கலாம். பாத்திருந்தா, அரிசி டப்பா மேல ஒரு ஃபோனு, அதுல ஒரு அத்தைன்னு தெரிஞ்சிருக்கும். சிரிச்சிட்டு அஞ்சு நிமிஷம் கட்டில்ல உக்காந்திருந்தா இவரு வந்து சேந்திருப்பாரு. அதைச் செய்யல. ஃபோனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுட்டா. இந்த நம்பர் வீட்டுல ஒரு பொம்பள அசைவில்லாமக் கிடக்குறாங்கன்னு.

ஸ்ட்ரெச்சரோட நாலு தடியனுங்க வந்திருக்கானுங்க. கட்டிலுக்கு அடியில பாத்திருக்கானுங்க, பாத்ரூம்ல பாத்திருக்கானுங்க. எங்கம்மா அந்தப் பொம்பளன்னு கையால கேட்டா, இவ அரிசி டப்பாவைக் காட்டுறா. அந்த நேரம் பாத்து நெட்டு வந்துடுச்சு. நாத்தனார் நிமிந்து பாக்குறாங்க, தம்பி வீட்டுக்குள்ள யூனிஃபார்ம்ல நாலு பேரு. அங்க அவங்க போட்ட சத்தத்துல தெருவே கூடிடுச்சாம். இத்தனை ரகளைக்கும் சின்னவன் எழுந்துக்கல. அப்பனைக் கொண்டு பொறந்திருக்கு.

இவரு வந்து பாத்துட்டு எனக்கு ஃபோன் பண்ணாரு. கையில க்ளவுஸைக்கூட கழட்டல, அப்படியே பஸ் ஏறிட்டேன். வந்து பாத்தா என் புள்ள சோபாவுல உக்காந்திருக்கா, கால்ல யாரோட சாக்ஸோ, தொடை வரைக்கும் ஏத்தி விட்டிருக்கு. அழுகையே வரல எனக்கு. அடிக்கத்தான் கை வந்துச்சு. யாரைன்னு தெரியல.

அதுக்கப்புறம் குழந்தைங்க விஷயம் பாக்குற ஆபீஸ்லேருந்து ஒரு அம்மா வந்தா. அவளும் சிரிக்காம, கோவப்படாம, பாசமா பேசுறா. நீங்க இல்லாதப்ப யாரு பாத்துப்பாங்கன்னு கேட்டா. என் நாத்தனார்னேன். அவங்க எந்த ரூம்ல இருக்காங்கன்னு கேட்டா. நானும் அரிசி டப்பாவைத்தான் காட்டினேன்.

திட்டியிருந்தாக்கூட திருப்பிப் பேசியிருப்பேன். அவ சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். இனி ஒரு தடவை பெரிய ஆளு யாரும் இல்லாம புள்ளைங்க இருந்தா, ரெண்டு பேரையும் வேற இடத்துல வச்சுத்தான் பேச வேண்டியிருக்கும்னா. வேற இடம். சின்னவன் என் புடவைத் துணி பக்கத்துல இல்லன்னா தூங்க மாட்டான், அவனை வேற இடமாம். புதன்கிழமை திரும்ப வருவா. அந்த முக்கா மணி நேரத்துக்கு யாரு வீட்டுல இருப்பாங்கன்னு அவளுக்குச் சொல்லணும். ஃபோன்ல இல்ல. கை காலோட ஒரு ஆளு.

நான் இத்தனை நாளு லீவு. நாளைக்கு வரலன்னா வேற ஆளைப் பாத்துக்குறேன்னுட்டாரு சூப்பர்வைசரு. இவரும் ஷிஃப்ட் மாத்தக் கேட்டுப் பாத்துட்டாரு, இல்லன்னுட்டானுங்க. என் வேலை போனா இந்த வீடும் போயிடும், அப்புறம் எந்த நாலாவது மாடி. நாத்தனார் வேற தினமும் ஃபோன்ல அழுவுறாங்க. நான்தான் சரியாப் பாக்கலன்னு. நானும் அவங்களை நாலு வார்த்தை நல்லாக் கேட்டுட்டேன். கேட்டுட்டு அப்புறம் யோசிக்கிறேன், ஏழு மாசம் சம்பளமில்லாம, வேற தேசத்துலேருந்து என் புள்ளைங்க புரள்றதப் பாத்துட்டு உக்காந்திருந்தது அவங்க ஒருத்திதான். இங்க சுவத்துக்கு சுவர் ஒட்டி எத்தனை வீடு.

இருங்க, எழுந்துக்காதீங்க. அது நின்னாலும் பூட்டு விட ரெண்டு நிமிஷம் ஆகும்.

கூப்பிட்டது யாருன்னு அந்த ஆபீஸரம்மாகிட்ட கேட்டேன். சொல்ல மாட்டாங்களாம். பெரியவகிட்ட கேட்டேன். நீ சண்டைக்குப் போவ, சொல்ல மாட்டேங்குறா. என்னை எடை போட்டு வச்சிருக்கா கழுதை. சரின்னு நானே உக்காந்து யோசிச்சேன். என் பொண்ணுக்கு இந்த ஊர் பாஷையில தண்ணி, பாத்ரூம், இந்த ரெண்டுதான் தெரியும். நாய்க்காரருக்கு அதனாலதான் ஒண்ணும் புரியல. ஆனா ஆம்புலன்ஸ்காரனுங்க வரும்போதே அசையாத பொம்பள எங்கன்னு கேட்டுட்டே வந்தானுங்களாம். அப்ப, என் அத்தை அசையலன்னு இவ அழுதது அந்த வீட்டுல ஒருத்தருக்குப் புரிஞ்சிருக்கு.

பயப்படாதீங்க, நான் சத்தம் போட மாட்டேன். வந்ததுலேருந்து போட்டதே போதும்.

கோவம் இல்லாம இல்ல. இருக்கு. இன்னும் ரெண்டு மாசத்துக்காவது இருக்கும். ஏங்க எட்டிப் பாக்கலன்னு எப்பவாவது கேப்பேன், அப்ப நீங்க பதில் சொல்லணும். ஒரு செத்த பொம்பளையப் பாக்கணுமேன்னு பயந்திருப்பீங்க. நானும் பயந்துதான் இருப்பேன். ஆனா என் புள்ள தட்டின கதவுல திறந்து, அவ பேச்சைக் கேட்டு, குளிருதான்னு கேட்டு, காலுக்குப் போட்டு விட்டது ஒரே ஒரு வீடுதான். அதையும் நான் மறக்க முடியல, பாருங்க.

முடிஞ்சிடுச்சு. இப்ப இழுங்க, திறக்கும். உங்களுதோட இதையும் எடுத்துக்கங்க. உங்க சாக்ஸ், துவைச்சாச்சு. கனமா இருக்கா? உள்ள எங்க வீட்டுச் சாவி. ஆபீஸரம்மாகிட்ட நேத்தே ஃபோன் பண்ணி உங்க கதவு நம்பரைச் சொல்லிட்டேன். உங்கள பெரியம்மான்னு கூப்பிடணும்னு பெரியவகிட்டயும் சொல்லியாச்சு. காலையில அஞ்சரைக்கு நான் கிளம்பிடுவேன், அக்கா.