கைராசி

எங்கள் பால்கனியில் காலை ஒன்பது மணி வரைக்கும்தான் வெயில். கேளம்பாக்கத்தில் வீடு பார்க்கும்போது இதையெல்லாம் யார் யோசிக்கிறார்கள்? செடி வைத்த பிறகுதான் தெரிந்தது. இதை எதற்கு எழுதுகிறான் என்று நீங்கள் நினைக்கலாம், மேடம். செங்கல்பட்டு கோர்ட்டின் கவுன்சலிங் அறையில் வெள்ளைத் தாளை நீட்டி, "நடந்ததை நடந்தபடி எழுதுங்க, பரணிதரன்" என்றீர்கள். நடந்தது பால்கனியில்தான் தொடங்கியது.

போன தை மாதம் என் மனைவி ரோகிணிக்குப் போன்சாய் ஆசை வந்தது. கடையில் வாங்கினால் அது யாரோ வளர்த்த மரம், விதையிலிருந்தே வளர்க்கணும் என்றாள். வீடியோ பார்த்துப் பார்த்துக் குறிப்பெடுத்தாள். ஆணிவேரை வெட்டினால்தான் மரம் தொட்டிக்குள் அடங்கும் என்று அதில் சொன்னபோது முகம் சுளித்தாள். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் புளி நல்லதாம். கொட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து ஊன்ற வேண்டும். சிறுசேரி ஆபீசுக்குப் போக அவளுக்குக் காலை ஆறு மணிக்கே கேப் வந்துவிடும். எனக்கு வீட்டிலிருந்தே வேலை. அதனால் ஊறவைக்கும் பொறுப்பு என்னுடையது.

ஊன்றிய அன்று, விரலில் ஒட்டிய மண்ணைத் தட்டாமலே சொன்னாள்: "இதுல ஒண்ணு முளைச்சாலும் போதும்ங்க, டெஸ்ட் டியூப்புக்குப் போயிடலாம். முளைக்கலேன்னா குழந்தைங்கற பேச்சையே விட்டுடறேன்."

முப்பத்தெட்டு வயது. எட்டு வருஷமாக ஏங்கியவள். இப்படி ஒன்றை மனசுக்குள் முடிந்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

முளைக்கவில்லை. இரண்டாம் தடவையும் முளைக்கவில்லை. அவள் தொட்டியைப் பார்க்கும் நேரமெல்லாம் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடப்பேன், மூடிய குழாயை மறுபடி மூடுவேன். மூன்றாம் தடவை அவள் தொட்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதாள். மனசு கேட்கவில்லை. தோளைத் தொட்டு, "சிலருக்குக் கைராசி இருக்காது ரோகிணி, விடும்மா" என்றேன். அதற்குப் பிறகு யார் வீட்டு வளைகாப்புக்குப் போனாலும் வளையல் போட முன்னால் போக மாட்டாள். சந்தனக் கிண்ணத்தைக்கூடத் தொடாமல் ஓரமாக நிற்பாள்.

ஊறிய கொட்டையும் பருத்திருக்கும், வெந்த கொட்டையும் பருத்திருக்கும். பார்த்தால் பெரிதாக வித்தியாசம் தெரியாது. மூன்று தடவையும் பால் பாத்திரத்தில் போட்டு இருபது நிமிடம் கொதிக்கவிட்டேன். ஆறிய பிறகு கிண்ணத்துக்கு மாற்றினேன். பாத்திரத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காரணம் கேட்பீர்கள். டெஸ்ட் டியூப்புக்குப் போனால் என்னையும் புதிதாகப் பரிசோதிப்பார்கள். கல்யாணமான இரண்டாம் வருஷம் டிரெயினிங்குக்குப் பெங்களூர் போயிருந்தபோது, நான் ஒரு கிளினிக்கில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டேன். படிவத்தில் எத்தனை குழந்தைகள் என்று கேட்டிருந்தார்கள். இரண்டு என்று எழுதினேன். பக்கத்தில் பெயருக்கும் இடம் இருந்தது. நான் யோசிக்கவே இல்லை, ரோகிணி ஆசையாகத் தேர்ந்து வைத்திருந்த பெயர்களே கையில் வந்தன. ரோஹித், அன்பரசி.

எங்கள் வீடு எனக்கு அளவாக இருந்தது, மேடம். நாங்கள் இரண்டு பேர், சத்தமில்லாத ஞாயிற்றுக்கிழமை. அது கலைந்துவிடுமோ என்று பயம். சொன்னால் அவள் போய்விடுவாள் என்பது அதைவிடப் பெரிய பயம்.

சில வருஷம் கழித்து, குழந்தை இல்லையே என்று முதன்முதலாகப் போனபோது டாக்டர் என் ரிப்போர்ட்டைக் கேட்டார். லேப்பில் கொடுத்ததில் பூஜ்யம் என்று இருந்தது. அதை லேப்டாப்பில் திருத்தி, நல்ல தாளில் அச்செடுத்துக் கொடுத்தேன். என்னிடம் குறை இல்லை என்றானதும், குறை அவளிடம் என்றாகிவிட்டது. மாத்திரை, ஊசி, பிறகு வயிற்றில் துளை போட்டுப் பார்க்கும் ஆபரேஷன். அது இரண்டு தடவை. கணவர் கையெழுத்து என்ற இடத்தில் நான்தான் போட்டேன். மயக்கம் தெளியும்வரை பக்கத்திலேயே இருந்தேன், கஞ்சி ஊட்டினேன். நர்ஸ்கூட என்னைப் பாராட்டினார்.

பங்குனிக் கடைசியில் உரம் வாங்கப் போனோம். ரோட்டோரத்தில் நர்சரி வைத்திருக்கும் மேரி, கதையைக் கேட்டுச் சிரித்தே விட்டாள்.

"இன்னாக்கா சொல்ற? புளியங்கொட்ட மொளைக்கலியா? துன்னுட்டுத் துப்புனா குப்பமேட்டுல தானா மொளைச்சிகினு கீது. ஊற வெச்சது யாரு?"

ரோகிணி உரப் பையை எடுத்துக்கொண்டாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வீடு வரும்வரை வண்டியில் என் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் கை என் தோளில் இல்லை என்பது கேளம்பாக்கம் சிக்னலில்தான் உறைத்தது.

அடுத்த வாரம் தனியாகத் திருக்கழுக்குன்றம் போய், மலையடிவாரத்துப் புளியமரத்தின் பழத்தைக் கொண்டுவந்து, எனக்குத் தெரியாமல் மொட்டைமாடியில் ஒரு மண் தட்டில் கொட்டைகளை ஊன்றியிருக்கிறாள். இரண்டு வாரம் கழித்து அந்தத் தட்டைச் சாப்பாட்டு மேஜையில், என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்பதில் ஏழு முளைத்திருந்தன.

"எனக்குக் கைராசி இருக்குங்க" என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் அந்த லேப்புக்கே போய் அசல் ரிப்போர்ட்டின் நகலை வாங்கியிருக்கிறாள். நான் மீட்டிங்கில் இருந்தபோது வந்து, துணிப்பையையும் முளைத்தட்டையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

இதை எழுதுவதற்குள் நாலு தடவை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டேன். உங்கள் உதவியாளர்கூட, "உடம்புக்கு எதுனாவா சார்?" என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை.

சேர்ந்து வாழச் சம்மதமா என்று கடைசியாகக் கேட்டீர்கள். எனக்குப் பூரண சம்மதம். குழந்தைதான் பிரச்சினை என்றால், தத்தெடுப்பதைப் பற்றிக்கூடப் பேசலாம். அவசரமில்லை. ரோகிணி நிதானமாக யோசிக்கட்டும், அவளே முடிவெடுக்கட்டும். இந்தப் பத்து வருஷத்தில் அவள் எடுத்த எந்த முடிவுக்கும் நான் குறுக்கே நின்றதில்லை.