இரண்டு கழித்தல் குறி

காத்து: அம்மாடி... இடுப்பு விட்டுப்போச்சு. இது நாற்காலியா, தண்டனையா?

கடல்: இடது பக்கம்தானே?

காத்து: எப்படித் தெரியும்?

கடல்: ...சாஞ்சு உக்காந்திருக்கீங்களே சார். கண்ணு இருக்கு எனக்கு.

காத்து: கண்ணு இருந்தா கம்ப்யூட்டர் திரையைப் பாருங்க மேடம். நாம எழுதின கணக்குல பூமி மொத்தமும் உறைஞ்சு கிடக்கு. பயிற்சி இன்னியோட முடியுது. மத்தியானம் எல்லார் முன்னாடியும் இதைத்தான் காட்டணும்.

கடல்: என் கடல்ல தப்பில்ல. உங்க காத்துதான்...

காத்து: நான் விலைவாசி ஆராய்ச்சி பண்றவன். பருவநிலையைக் கணக்கா எழுதக் கத்துத் தரோம்னு கூப்பிட்டு, காத்துக் கணக்கை என் தலையில கட்டினாங்க.

கடல்: நான் மட்டும் என்ன? மீன் குடலை அறுத்துப் பாக்கறவ. கடல் ஒரு டப்பா, காத்து ஒரு டப்பான்னு நெனைச்சுக்கங்கன்னாரு பயிற்சியாளர். நெனைச்சுக்கிட்டேன். டப்பாவுக்குள்ள நாலு மீனாவது விட்டிருக்கலாம்.

காத்து: எனக்குச் சிரிப்பு வரல. இந்தச் சான்றிதழ் இல்லேன்னா என் வேலையை நீட்டிக்க மாட்டாங்க.

கடல்: தெரியும்.

காத்து: அதுவுமா?

கடல்: முதல் நாள் அறிமுகத்துல நீங்களேதானே ஒப்பாரி வச்சீங்க.

பயிற்சியாளர்: என்னங்க, கடலும் காத்தும் இன்னும் சண்டையா? நகருங்க, பாப்போம்... அட. வெப்பம் கடல்லேர்ந்து காத்துக்குப் போகுது. கடல் கழிச்சிருக்கு, சரி. காத்தும் கழிச்சிருக்கே?

காத்து: குடுத்ததைக் கழிக்கணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?

பயிற்சியாளர்: ரெண்டு பேருமே குடுத்தேன் குடுத்தேன்னு எழுதி வச்சிருக்கீங்க. அப்போ வாங்கினது யாரு? வாங்க ஆளில்லாம வெப்பம் மாயமாப் போகுது. பூமி உறையாம என்ன செய்யும்? எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கேன், இப்படியொரு ஜோடியைப் பாத்ததில்ல. முன்னாடியே பழக்கமா?

காத்து: இல்ல சார்.

கடல்: இங்க வந்துதான் சார் பாத்தேன்.

பயிற்சியாளர்: இந்தக் கணக்குல கடல்தான் சூடு. வாங்கிக்கிறது காத்து. அங்க கூட்டல் போடுங்க, தீந்துச்சு. நான் அடுத்த மேசைக்குப் போறேன். அங்க ஒருத்தர் சூரியனையே மறந்துட்டாரு.

கடல்: போடுங்க சார்.

காத்து: நீங்க போட்டுக்கங்களேன். கூட்டல் எந்தப் பக்கம் இருந்தா என்ன...

கடல்: சூடா இருக்கறதுக்கே இன்னும் சூடு ஏத்தினா கடல் கொதிச்சுரும். இத்தனை வருஷமா கொதிச்சது போதாதா?

காத்து: மெதுவாப் பேசு. யார் காதுலயாவது விழப்போகுது.

கடல்: கூட்டல்.

காத்து: ...போட்டுட்டேன். ஓட விடு. அட... உறையல.

கடல்: பாத்தியா. வாங்கிக்கிட்டேன்னு ஒத்துக்கிட்டா உலகம் ஒண்ணும் அழிஞ்சிடாது.

காத்து: உனக்குப் பிடிக்கலேன்னா முதல் நாளே ஜோடியை மாத்தச் சொல்லியிருக்கலாமே.

கடல்: நீ ஏன் சொல்லல?

காத்து: சொன்னா... காரணம் கேப்பாங்க.

கடல்: ம்.

காத்து: சரி, கூட்டல் போட்டாச்சு. நம்ம கணக்கு தீந்துச்சா?

கடல்: காத்தோட கணக்கு தீந்துச்சு. எங்கம்மாவைக் கிடத்தி வச்சுக்கிட்டு, மருமகன் வந்துருவாரு, வந்துருவாருன்னு இருட்டற வரைக்கும் எடுக்காம இருந்தோமே... நீ வரல. அது பாக்கி.