வாசனையில் உப்புப் பார்க்கிறவர்

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு மாமி, பக்கத்தில் ஒரு சின்னப் பெண்.

"மாமா சமையல்ல பெரிய வித்வானாமே! பெருமாளுக்குக் காட்டறதுக்கு முன்னாடி ருசி பார்க்கப்படாதுன்னு, வாசனையிலேயே உப்பு சொல்லிடுவாராமே?"

"காய்ச்சலுக்கப்புறம் மூக்குக்கு ஒண்ணுமே தெரியலடி. வெளியில சொல்லாம, கைப்பழக்கத்துல சமைக்கறார்."

"ஐயோ!"

"கார்த்தால உள்ளே நுழையறேன், ஆத்துக்குள்ள முழுக்க கேஸ் நாத்தம். அடுப்பைத் திருகி விட்டுட்டுத் தீப்பெட்டியைத் தேடிண்டிருக்கார். கேஸை மூடிட்டு, தீப்பெட்டியை என் பையிலேயே போட்டுண்டு வந்துட்டேன்."

"சுவாமி விளக்குக்கிட்ட இன்னொண்ணு இருக்குமே, மாமி?"

பஸ் காவிரிப் பாலத்தின் நடுவில் இருந்தது. மாமி எழுந்து நின்றுவிட்டார்.