புலி வண்டியின் நான்கு சக்கரங்கள்

சர்க்கஸ் சிவப்பு என்று கடையில் ஒரு நிறம் விற்கிறார்கள். அதை நம்பி வாங்கிவிடாதீர்கள், காய்ந்ததும் செங்கல் மாதிரி ஆகிவிடும். அதில் இரண்டு துளி ஆரஞ்சும் ஒரு துளி பழுப்பும் கலந்தால்தான் பழைய கூண்டு வண்டிகளின் சிவப்பு வரும். இதை எனக்குச் சொன்னவன் வில்மர் ஹோகன். நீங்கள் அவனைப் பற்றித்தானே கேட்டீர்கள், ஆபீசர்.

என் பெயர் நார்பர்ட் ஸாஸ்ட்ரோ. வயது எழுபத்தொன்று. பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். முப்பது வருடமாகச் சின்ன சர்க்கஸ் ரயில் செய்கிறேன். ஒரு கூண்டு வண்டி என் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். அதைத் தட்டை ரயில் பெட்டியில் ஏற்றி, நூல் போன்ற சங்கிலியால் கட்டி, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். பெரிய சர்க்கஸ்கள் கிளம்பிய ஊர் இந்தப் பராபூ, இங்கே இதை யாரும் விளையாட்டு என்று சொல்ல மாட்டார்கள். நீங்களும் இந்த ஊர்க்காரர்தானே.

வில்மர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவன். மனைவி டோரிஸ் இறந்த பிறகு வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடந்தான். எங்கள் சின்ன ரயில் சங்கத்துக்கு அவனை அழைத்துப் போனவன் நான். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறே மாதம்தான். ஜூலைக் கண்காட்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் அவன் மேஜையில் நின்றார்கள். என் மேஜை பக்கத்திலேயே இருந்தது. கைப்பையை என் மேஜையில் வைத்துவிட்டு, குனிந்து அவன் வண்டிகளைப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அவன் கை நல்ல கை.

மூன்று வருடத்துக்கு முன் என் புலி வண்டிக்கு நீல ரிப்பன் கிடைத்தது. அதுதான் என் முதல் பரிசு. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சக்கரத்தின் ஒவ்வொரு ஆரத்திலும் மயிரிழை போல ஒரு நிழல்கோடு. வலமிருந்து இடமாக இழுத்தது. சங்கத்தில் இடதுகைக்காரன் வில்மர் ஒருவன்தான்.

கேட்டேன். அவன் மறைக்கவில்லை.

"தூக்கிட்டு வரும்போது லேசா உரசியிருந்துச்சு நார்ப். சும்மா தொட்டுவிட்டேன்."

"எத்தன சக்கரம்?"

"நாலும்தான். அப்படியே அந்தப் புலி மூஞ்சியும் கொஞ்சம். விடுப்பா, நான் யாருகிட்டயும் மூச்சு விடல."

அவன் சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டினான். அன்று வெள்ளிக்கிழமை. இருவரும் வழக்கம்போல மீன் வறுவல் சாப்பிடப் போனோம். அவன்தான் மேஜைக்கு மேஜை போய், "நம்ம நார்புக்கு நீல ரிப்பன்" என்று சொல்லிவிட்டு வந்தான்.

அந்த இலையுதிர் காலத்தில் அவனுக்குக் குளுக்கோமா என்று தெரிந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு வரும் நோய். ஏற்கெனவே பாதி தின்றிருந்தது. காலையும் மாலையும் சொட்டு மருந்து போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். வில்மருக்குத் தானாகப் போட்டுக்கொள்ள வரவில்லை.

"ஒத்த மயிரு தூரிகைய அசையாம பிடிப்பேன். இந்தச் சொட்டு கண்ண நோக்கி வந்தா மட்டும் கோழி மாதிரி தலைய இழுத்துக்கிறேன். நீ போட்டுவிடறியா?"

சரி என்றேன். முதல் இரண்டு வாரம் மருந்தைத்தான் போட்டேன். பிறகு ஒருநாள் பசை வைக்கும் ஊசிக்குழலால் குப்பியிலிருந்ததை உறிஞ்சி எடுத்துவிட்டு, கான்டாக்ட் லென்ஸ் கழுவும் உப்புநீரை நிரப்பினேன். அவனுக்கு வலிக்காது என்று விசாரித்துக்கொண்ட பிறகுதான் செய்தேன். நான் கொடூரமானவன் இல்லை.

அழுத்தம் குறையவில்லை. டாக்டர் மருந்தை மாற்றினார். அந்தக் குப்பியையும் மாற்றினேன். அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார். "இந்த வயசுல கண்ணுல கத்தி வைக்கணுமா வில்மர்?" என்று மட்டும்தான் கேட்டேன். வேண்டாம் என்று முடிவெடுத்தது அவன். கட்டாயப்படுத்தவில்லை.

முதலில் இடப்பக்கம் வைத்த சிவப்புக் கிண்ணத்தைத் தட்டிவிட்டான். பிறகு தங்கக் கோடு வண்டியைத் தாண்டி மேஜைமேல் ஓடியது. போன கிறிஸ்துமஸுக்குள் சன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது. பாதியில் நின்ற வாத்திய வண்டியை என் கையில் வைத்து, "நீ முடிச்சுடு" என்றான்.

முடித்தேன். இந்த ஜூலைக் கண்காட்சியில் இரண்டு பெயரும் போட்டு வைத்தேன். நடுவர் குனிந்து சக்கரங்களைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "பாவம் வில்மர். இத வரையும்போதே கண்ணு போக ஆரம்பிச்சிருக்கு" என்றார். அந்தச் சக்கரங்கள் நான்கும் நான் வரைந்தவை. நான் திருத்தவில்லை. முன்பு அவன் வேலைக்கு என் பெயர் கிடைத்தது, இப்போது என் வேலைக்கு அவன் பெயர். அதில் என்ன தவறு?

போன மாதம் அவன் மகள் ஜோலீன் மாடிசனிலிருந்து வந்தாள். நர்ஸ். மருந்துக் கடையிலிருந்து புதுக் குப்பி வாங்கிவந்து அவளே பிரித்துப் போட்டாள்.

"என்னடி இது, இப்படி எரியுது?"

"இந்த மருந்து எரியத்தான் செய்யும்ப்பா."

"நார்ப் போட்டா எரியவே எரியாதே."

அவள் பழைய குப்பியை எடுத்து நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். நான் மாலைச் சொட்டுக்காக வந்து, மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தேன். அவள் என்னைப் பார்த்தபடியே அப்பாவிடம் சொன்னாள்:

"வெறும் உப்புத்தண்ணிப்பா. இந்த ஆளு உங்களக் குருடாக்கிட்டான்."

வில்மர் மகளின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். "வாய மூடு ஜோலீன். யாரப் பத்திப் பேசுற? முழங்கால் வரைக்கும் பனி கிடந்தப்பகூட ரெண்டு வேளையும் நடந்தே வந்தவன். ஒரு வேள தவறவிட்டதில்ல."

மருந்தை எடுத்தது நான். உப்புநீரை நிரப்பியது நான். அவன் பார்வை போனது என்னால்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை என்று அவன் சொன்னானே, அதையும் சேர்த்து எழுதுங்கள். சொந்த மகளே வருடத்துக்கு இரண்டு தடவைதான் வந்தாள். இந்த ஊரில் அவனை என்னைப்போல் பார்த்துக்கொண்டவர்கள் வேறு யார்?