அந்நியன் மடியில் மகளை வைத்தவள்

அலையோடு போராடும் கைகளை ஒன்றாய்க் கோத்து இந்தச் சங்கத்தை ஆலமரமாய் வளர்த்தெடுத்த தலைவர் சவுரியம்மாள் அவர்களே! மேடைக்கு மாண்பு சேர்க்கும் பெரியோர்களே! மரக்காணத்து மணலிலிருந்தும் வானூரின் செம்மண்ணிலிருந்தும், இரண்டு பேருந்து மாறித் திண்டிவனம் வந்திருக்கும் என் தாய்மார்களே! ஓரத்தில் நின்று கைப்பேசியில் என்னைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே! பிடியுங்கள் தம்பி, ஆனால் பேச்சையும் கேளுங்கள். உங்கள் அனைவரையும் வழக்கறிஞர் இருதயசெல்வி கைகூப்பி வணங்குகிறேன்.

'கைப்பேசிக் காலத்தில் குற்றமும் காவலும்' என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். குற்றவாளி எப்படி இருப்பான்? கன்னத்தில் தழும்போடு வருவானா? கையில் கத்தியோடு வருவானா? பல்லாண்டுகளாக நீதிமன்றப் படியேறும் நான் சொல்கிறேன்: பல நேரம் அவன் நம் தம்பியைப் போலவே இருப்பான். அப்படி ஒரு தம்பியைப் பற்றியும், அவனைத் தடுத்து நின்ற அக்காவைப் பற்றியும் அவர்கள் இருவரின் சம்மதத்தோடு இன்று பேசுகிறேன்.

மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்துப் பெண் பவானி. தம்பி ராம்கி லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். விடிந்ததும் அவன் வண்டியில் மீன் ஏற்றி வந்து, வானூர்ப் பக்கம் தெருவோரத்தில் விற்பாள். இரண்டாயிரத்துப் பதினெட்டு, கோடை விடுமுறை. பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் சின்ன மகள் கனிஷ்காவையும் கூட்டி வந்திருந்தாள்.

அந்தக் கோடையை மறந்திருக்க மாட்டீர்கள். கைதொறும் கைப்பேசி, கைப்பேசிதொறும் கலக்கம்! 'வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருக்கிறது. தண்ணீரில் மயக்க மருந்து கலந்து கொடுத்துக் குழந்தையைத் தூக்குகிறார்கள். உங்கள் குழந்தை மேல் அன்பிருந்தால் உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.' யார் எழுதியது? தெரியாது. எங்கே நடந்தது? தெரியாது. ஆனால் அனுப்பினோமா இல்லையா? அங்கே ஓர் அம்மா தலை குனிகிறார். நிமிருங்கள் தாயே, இந்த மண்டபத்தில் நீங்கள் மட்டுமல்ல!

வியாபாரம் சூடாக நடந்த வேளையில் பவானி திரும்பிப் பார்த்தாள். குழந்தையைக் காணோம். கூடையைப் போட்டது போட்டபடி ஒரு பக்கம் அவள் ஓடினாள். மறுபக்கம் தம்பி ஓடினான்.

டீக்கடை முனையில் கூட்டம். நடுவே ஓர் இளைஞன். பெயர் கைலாஷ். ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவன். அவன் கையில் கனிஷ்கா! "யாரு புள்ளடா இது?" என்று கேட்டார்கள். அவனுக்குத் தெரிந்த தமிழே பத்துச் சொல்தான். அதில் இரண்டைச் சொன்னான்: "பாப்பா... தண்ணி! பாப்பா... தண்ணி!"

தண்ணி! அந்த ஒற்றைச் சொல் போதாதா? கைப்பேசியில் வந்த கதை கண்ணெதிரே நிற்கிறதே! குழந்தையைப் பிடுங்கினார்கள். "தண்ணி குடுத்துகீறான்டா! அவனே சொல்றான் பாரு!" முதல் அடி யார் அடித்தது? தேடி அங்கே வந்து சேர்ந்த தாய்மாமன் ராம்கி. கையில் அகப்பட்ட சவுக்குக் கட்டையால் அடித்தான். பிறகு யார் அடித்தது என்று எண்ண முடியவில்லை. எதிர்க்கடையில் கேமரா இருந்தது. அது பார்த்தது, பார்த்துக்கொண்டே இருந்தது. சுற்றிலும் எத்தனையோ கைப்பேசிகள் படம் பிடித்தன. கேமராவுக்குக் கண் உண்டு, கை உண்டா?

கை ஒன்று வந்தது. மீன் செதில் ஒட்டிய கை!

ஓடி வந்த பவானி மகளை வாரி அணைத்தாள். அணைத்தவளின் புடவை நனைந்தது. குனிந்து பார்த்தாள். குழந்தையின் கவுன் கழுத்துவரை ஈரம். தலைமுடியில் சேறு. கீழே கிடந்தவனைப் பார்த்தாள். அவன் பேண்ட்டும் இடுப்புவரை ஈரம். அவனோ இரத்தம் வழியும் வாயால் இன்னமும் "பாப்பா... தண்ணி" என்றே முனகினான்.

கட்டட வேலைக்கு நீர் தேக்கிய பள்ளத்தில் குழந்தை விழுந்திருக்கிறது. இவன் குதித்துத் தூக்கியிருக்கிறான். தாயைத் தேடித் தெருவுக்கு வந்திருக்கிறான். ஊரே கேட்ட சொல்லைத்தான் அவளும் கேட்டாள். ஆனால் அவள் மட்டுமே அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள்!

"நிறுத்துங்கடா! தண்ணிலேர்ந்து தூக்கியாந்துகீறான்டா!" என்று அலறினாள். யார் காதில் விழும்? "நவுருக்கா, உனக்கு ஒண்ணும் தெரியாது!" என்று தம்பி மறுபடி கட்டையை ஓங்கினான்.

அப்போது அவள் செய்த காரியம் இருக்கிறதே, தாய்மார்களே, அதை நினைத்தால் இன்றும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. தரையில் உட்கார்ந்தாள். கிடந்தவனைத் தூக்கி உட்காரவைத்துத் தன் தோளில் சாய்த்தாள். இடுப்பிலிருந்த மகளை இறக்கி, அந்த அந்நியன் மடியில் வைத்தாள். வைத்துவிட்டுத் தம்பியை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப அடிடா. யாருக்காக அடிக்கிறியோ அவ மேலயே படட்டும்."

ஓங்கிய கட்டை ஓங்கியபடி நின்றது. ஒருவன் கல்லைக் கீழே போட்டான். ஒருவன் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தான். குழந்தை அழுதது.

கைலாஷ் பிழைத்துக்கொண்டான். போலீசார் விசாரித்தபோது, "அடித்தவர் யார்?" என்ற கேள்விக்கு ஊரே வாய் மூடி நின்றது. பவானி சொன்னாள்: "என் தம்பிதான் சார் மொதல்ல அடிச்சான்." பிறகு அதே தம்பிக்காக என்னிடம் வந்தாள். "அவனுக்கு நீங்கதான் வாதாடணும் மேடம். ஆனா பொய் மட்டும் சொல்லாதீங்க. அந்தப் புள்ள அடிபட்டது நெசம்." இந்த நேர்மைக்கு எந்தச் சட்டப் புத்தகத்தில் இடம் இருக்கிறது?

சிறையில் ராம்கியைச் சந்தித்தேன். "ஏன் அடித்தாய்?" என்றேன். "போன்ல தெனம் அதையே பார்த்துக்கினு இருந்தேன் மேடம். புள்ளய அவன் கையில பார்த்ததும் கண்ணு இருட்டிகிச்சி. எங்கக்கா புள்ள மேடம் அது" என்று அழுதான். கேட்டீர்களா? பகையால் அடிக்கவில்லை, பாசத்தால் அடித்தான்! அந்தப் பாசத்தில் யாரோ முகமறியாதவன் பயத்தைக் கலந்துவிட்டான். நம் வீட்டுக் கதவுக்குப் பூட்டு உண்டு. பயம் புகும் கைப்பேசிக்குப் பூட்டு எங்கே?

ராம்கி குற்றத்தை ஒப்புக்கொண்டான், தண்டனையை அனுபவித்தான். வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்கக் கைலாஷ் வேலை செய்யும் இடத்துக்குப் போனான். இவனைக் கண்டதும் அவன் சாந்துச் சட்டியைப் போட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினானாம். "அடி வாங்கின மாதிரியே நின்னான் மேடம். அன்னிக்கு அழுத மாதிரி நான் ஜெயிலுக்குப் போனப்பகூட அழுவல" என்றான் ராம்கி. மன்னிப்பை ஏற்கக் கைலாஷுக்குப் பல மாதம் ஆயிற்று. காயம் ஆறும் தோழர்களே. அச்சம் ஆற நாளாகும்!

ஆகவே கேட்கிறேன்: காவல் என்பது என்ன? கம்பத்தில் தொங்கும் கேமராவா? கதவில் தொங்கும் பூட்டா? காக்கிச் சட்டை மட்டுமா? எல்லாம் வேண்டும். ஆனால், எல்லோரும் நம்பும்போது ஒரு கணம் நின்று ஈரத்தைத் தொட்டுப் பார்க்கும் கை வேண்டாமா? எல்லோரும் கல்லெடுக்கும்போது, குறுக்கே உட்காரும் துணிவு வேண்டாமா? அடுத்த செய்தி வரும். அதைவிடப் பயங்கரமாக வரும். அப்போது நம் விரல் அதை அடுத்தவருக்குத் தள்ளிவிடுமா, தடுத்து நிறுத்துமா? தீர்ப்பு என் நீதிமன்றத்தில் இல்லை. உங்கள் விரல் நுனியில் இருக்கிறது!

பவானியை மேடைக்கு வரச்சொல்லித் தலைவர் சைகை காட்டுகிறார். பவானியோ மூன்றாவது வரிசையில் இருந்தபடி முடியாது என்று தலையாட்டுகிறார். ஏனென்று பார்த்தேன். மடியில் தலை சாய்த்துக் கனிஷ்கா உறங்கிக்கொண்டிருக்கிறாள். கைதட்டாதீர்கள்! பிள்ளை விழித்துவிடும். அனைவரும் எழுந்து நின்று, ஓசையின்றி, அந்தத் தாயைக் கைகூப்பி வணங்குவோம்.

அழைத்த சங்கத்துக்கும், பொறுமையோடு செவி தந்த உங்களுக்கும் என் நெஞ்சின் நன்றியை, குரல் தாழ்த்தியே சொல்லி விடைபெறுகிறேன். வணக்கம்.