ஒரு வருஷம் ஓடின கார்டு

கடைக்காரம்மா: ‘விளக்கு நிறைய எரிஞ்சா கம்ப்யூட்டர் வேகமா ஓடுமா?’ இதே கேள்வியைப் போன வருஷம் ஒரு குழந்தை கேட்டுச்சு. இதோ, நீங்க நிக்கிற இடத்துல நின்னு. அதுக்கு நாலு வயசு. உங்களுக்கு?

வந்தவர்: அறுபத்தொண்ணு.

கடைக்காரம்மா: அந்தக் குழந்தை தேவலை. கேட்டதோட விட்டுருச்சு. நீங்க காசோட வந்துட்டீங்க.

வந்தவர்: நானா எழுதின பட்டியல் இல்ல மேடம். வீடியோவுல ஒருத்தர் சொன்னாரு, பாத்து எழுதினேன்.

கடைக்காரம்மா: யாரு, அந்தத் தலைக்குப் பச்சைச் சாயம் பூசினவரா?

வந்தவர்: நீலம்.

கடைக்காரம்மா: கையெழுத்து மட்டும் முத்து முத்தா இருக்கு. விஷயம்தான் வாந்தி. அஞ்சு விளக்கு ஃபேன் வச்ச கேபினெட், ஏழாயிரம். பவர் சப்ளை, தொள்ளாயிரம். மாப்பிள்ளைக்குச் செருப்பு இல்ல, குதிரைக்குச் சலங்கையாம்.

வந்தவர்: பவர் சப்ளைன்னா கரண்டு கொடுக்கிற டப்பாதானே. உள்ள கிடக்கப் போகுது, யாரு பாக்கப் போறாங்க?

கடைக்காரம்மா: தொள்ளாயிரத்துக்கு வர்றது பவர் சப்ளை இல்ல, வெடி. ஒருநாள் டப்புன்னு போகும். போகும்போது தனியாப் போகாது, கூட இருக்கிறதையெல்லாம் கூட்டிட்டுப் போகும்.

வந்தவர்: சரி, அதை மாத்திக்கலாம்...

கடைக்காரம்மா: இருங்க, இன்னும் சிரிச்சு முடிக்கலை. ராம் மெமரி, பதினாறு ஜிபி, ஒரே குச்சியா. ஒரு கையால தட்டுங்க பாக்கலாம்.

வந்தவர்: என்னது?

கடைக்காரம்மா: தட்டுங்க... சத்தம் வந்துதா? வராது. எட்டெட்டா ரெண்டு குச்சி போடணும். அப்பத்தான் வேகமா ஓடும்.

வந்தவர்: எழுதிக்கிறேன். எட்டெட்டா... ரெண்டு.

கடைக்காரம்மா: எழுதிக்கங்க, எழுதிக்கங்க. ஆமா, கிராஃபிக்ஸ் கார்டு எங்க? பின்பக்கத்துல எழுதியிருக்கீங்களா?

வந்தவர்: அது ரொம்ப விலை சொன்னாரு. அப்புறம் மெதுவா வாங்கிக்கலாம்னு விட்டுட்டேன்.

கடைக்காரம்மா: விட்டுட்டீங்க. நீங்க எழுதியிருக்கிற ப்ராசஸர்ல படம் காட்டற வசதியே கிடையாது. அதை மாட்டி, கார்டு இல்லாம சுவிட்சைப் போட்டா திரையில என்ன தெரியும் சொல்லுங்க?

வந்தவர்: என்ன தெரியும்?

கடைக்காரம்மா: உங்க முகம். கருப்புக் கண்ணாடில தெரியற மாதிரி. அதைப் பாத்துட்டு உக்காந்திருங்க. மூளைக்கு இருபதாயிரம், கண்ணுக்குப் பூஜ்ஜியம். கண்ணு வேலை பாக்கிற மனுஷனே இப்படிக் கண்ணை விட்டுட்டா...

வந்தவர்: நான் கண்ணு வேலை பாக்கிறேன்னு உங்களுக்கு யாரு சொன்னா?

கடைக்காரம்மா: ...யாரு சொல்லணும்? உங்க சட்டைப் பையைப் பாருங்க. மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணி மூணு, ஊசி மாதிரி ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு. கண்ணாடிக்கடை வச்சிருக்கீங்கன்னு நினைக்காம, கப்பல் கட்டறீங்கன்னா நினைப்பேன்?

வந்தவர்: ஓ. சரிதான்.

கடைக்காரம்மா: மொத்தம் எவ்வளவு வச்சிருக்கீங்க?

வந்தவர்: நாப்பதாயிரம்.

கடைக்காரம்மா: அதுக்கு மேல?

வந்தவர்: அதுக்கு மேல வானம்தான். மானிட்டர், கீபோர்டு எல்லாம் என் கடையில இருக்கு. பெட்டி மட்டும் போதும். என் தங்கச்சி பையனுக்கு. விளையாட்டுன்னா உசுரு அவனுக்கு.

கடைக்காரம்மா: உசுரா இருக்கிறவன் வராம நீங்க ஏன் வந்தீங்க?

வந்தவர்: பரீட்சை.

கடைக்காரம்மா: பரீட்சை நேரத்துல விளையாட்டுப் பெட்டி வாங்கிக் கொடுக்கிற மாமா. நல்ல குடும்பம். என்ன விளையாட்டு விளையாடுவான்? அதைச் சொன்னாத்தான் எந்தக் கார்டுன்னு பாக்க முடியும்.

வந்தவர்: ஒரு தீவு. நாலு பேர் சேர்ந்து வீடு கட்டணும். பகல்ல விறகு, கல்லு எல்லாம் சேத்துக்கணும். இருட்டினா ஓநாய் வரும். ஒருத்தர் மீன் பிடிக்கணும், ஒருத்தர் காவல், குழந்தை நெருப்பைப் பாத்துக்கும், நான் மரம் வெட்டணும்...

கடைக்காரம்மா: யாரு மரம் வெட்டணும்?

வந்தவர்: ...அவன்.

கடைக்காரம்மா: நான்னு சொன்னீங்க.

வந்தவர்: வாய் தவறிச்சு.

கடைக்காரம்மா: வாய் தவறலை. அதுதான் சரியாச் சொல்லுச்சு. அறுபத்தொரு வயசுல மரம் வெட்டப் போறீங்க. முதுகு பிடிச்சுக்கும், பாத்து.

வந்தவர்: சிரிங்க. சிரிப்பீங்கன்னுதான் மத்தியானமா, கடையில கூட்டம் இல்லாத நேரமாப் பாத்து வந்தேன். இதுக்கு முன்னாடி ரெண்டு கடையில சிரிச்சுட்டாங்க. ஒருத்தன் படம் கூடப் பிடிச்சான்.

கடைக்காரம்மா: எந்தக் கடை?

வந்தவர்: அது எதுக்கு இப்ப?

கடைக்காரம்மா: சும்மா கேட்டேன். சரி, உங்களுக்கு எதுக்கு இந்தக் கூத்து? சீட்டாட்டம் ஆடற வயசுல ஓநாய் எதுக்கு?

வந்தவர்: அந்த விளையாட்டு என் மகன் செஞ்சது.

கடைக்காரம்மா: வாங்கினதா?

வந்தவர்: செஞ்சது. அவனும் இன்னும் நாலு பேரும். அந்த ஓநாயோட ஓட்டம் முழுக்க அவன் வரைஞ்சதுதானாம். மருமகள் சொன்னா. அவன் சொல்லலை. அவன் என்கூடப் பேசி மூணு வருஷம் ஆச்சு.

கடைக்காரம்மா: என்ன பண்ணீங்க?

வந்தவர்: பேசினேன். அவ்வளவுதான். ‘பொம்மை வரைஞ்சு பொழைக்கிறவனெல்லாம் ஒரு ஆம்பளையா, உன் பொண்ணு பள்ளிக்கூடத்துல அப்பா என்ன வேலைன்னு கேட்டா என்ன சொல்லுவா’ன்னு. சொந்தக்காரங்க பத்து பேர் இருந்த இடத்துல.

கடைக்காரம்மா: நல்லாருக்கு. நாக்குலயே ஒரு தேளை வளர்த்திருக்கீங்க.

வந்தவர்: உங்க நாக்கும் ஒண்ணும் சர்க்கரை இல்ல மேடம்.

கடைக்காரம்மா: நான் வாடிக்கையாளரைத்தான் கொட்டுவேன். வீட்டாளுங்களை இல்ல.

வந்தவர்: அதுவும் சரிதான்.

கடைக்காரம்மா: ...அப்புறம்?

வந்தவர்: ஞாயித்துக்கிழமை காலைல மூணு பேரும் விளையாடுவாங்களாம். நாலாவது இடம் காலி. பேத்திதான், ‘தாத்தாவைக் கூப்பிடலாம்’னு சொன்னாளாம். ‘அவரு வரமாட்டாரு’ன்னு மகன் சொல்லிட்டான். கூப்பிட மாட்டேன்னு சொல்லலை, பாத்துக்கங்க. வரமாட்டாருன்னுதான் சொன்னான். மருமகள் ரகசியமா எனக்குப் போன் பண்ணா. நாளன்னைக்குப் பத்து மணிக்கு நான் அங்க நிக்கணும். கோடாலியோட.

கடைக்காரம்மா: நாளன்னைக்கா? இன்னிக்கு வெள்ளிக்கிழமை.

வந்தவர்: அதான் ஓடி வந்தேன்.

கடைக்காரம்மா: கூப்பிட்டுப் பேசறதுதானே. போன்ல ‘தப்புதான்’னு ஒரு வார்த்தை. நாப்பதாயிரம் மிச்சம்.

வந்தவர்: மூணு தடவை பண்ணேன். எடுக்கலை. ஆனா அந்தத் தீவுல போய் நின்னா எடுக்காம இருக்க முடியாதில்ல? ஓநாய் வரும்போது அவனுக்கு விறகு வேணும்.

கடைக்காரம்மா: நல்ல திட்டம். மனுஷனுக்குப் பேச பயமா இருந்தா ஓநாயைக் கூட்டிட்டு வருவான் போல. பேப்பரைக் கொடுங்க இப்படி. உங்க நீலத்தலை எழுதினதையெல்லாம் அடிக்கிறேன். கேபினெட் ரெண்டாயிரம், விளக்கு இல்லாதது. ப்ராசஸர் ஒம்பது. மதர்போர்டு ஆறு. ராம் நாலு, ரெண்டு குச்சி. எஸ்எஸ்டி மூணு. பவர் சப்ளை மூணரை, வெடிக்காதது. மொத்தம்...

வந்தவர்: இருபத்தேழரை.

கடைக்காரம்மா: கணக்கு மட்டும் வருது. மீதி பன்னெண்டரை. அந்த விளையாட்டைத் திக்காம திணறாம ஓட்டணும்னா இருபத்தாறாயிரத்துக் கார்டு வேணும்.

வந்தவர்: பன்னெண்டரைல ஒண்ணும் இல்லையா?

கடைக்காரம்மா: இருக்கு. அதுல ஓநாய் ஆடி அசைஞ்சு வரும். நீங்க கோடாலியை ஓங்கினா, மதியம்தான் இறங்கும். உங்க மகன் பாத்துட்டு, ‘அப்பா வந்தாரு, வந்தும் உபயோகம் இல்ல’ன்னு நினைச்சுப்பான்.

வந்தவர்: ...வேற வழியே இல்லையா?

கடைக்காரம்மா: இருங்க. உள்ள ஒண்ணு கிடக்கு. ஒரு வருஷம் ஓடினது. ஒரு பையன் வாங்கிட்டுப் போய், வீட்டுல திட்டு வாங்கித் திருப்பிக் கொடுத்துட்டான். அட்டைப்பெட்டி கிடையாது. பன்னெண்டாயிரம்னு போட்டுக்கறேன்.

வந்தவர்: ஓடுமா?

கடைக்காரம்மா: ஓடாததை விக்கிற கடைன்னா எனக்கும் நீலத் தலை இருக்கும்... இந்தாங்க. பாத்துக்கங்க. ஏன், பொண்ணு பாக்கிற மாதிரி தூக்கிப் பிடிச்சுப் பாக்கறீங்க?

வந்தவர்: அந்த விளக்கை இப்படித் திருப்புங்க.

கடைக்காரம்மா: எதுக்கு? உங்க கடைன்னு நினைப்பா? அதுக்குள்ள கண்ணுல பூதக்கண்ணாடி வேற.

வந்தவர்: மேடம், இது பழசு இல்ல.

கடைக்காரம்மா: நான் கடைக்காரியா, நீங்க கடைக்காரரா?

வந்தவர்: கீழ் ஓரத்துல தங்கப் பல்லு வரிசை இருக்கு பாருங்க. ஒரே ஒரு தடவை சொருகி எடுத்திருந்தாக் கூட ஒவ்வொரு பல்லுலயும் கோடு விழுந்திருக்கும். இதுல ஒரு கீறல் இல்ல. முப்பத்தஞ்சு வருஷமா லென்ஸ்ல கீறல் தேடற கண்ணு இது.

கடைக்காரம்மா: மெதுவாச் சொருகியிருப்பான்.

வந்தவர்: கார்டு ஃபேன் மேல ஒட்டி வர்ற தாளையும் உரிக்காமலே ஓட்டினானா? இது அந்த இருபத்தாறாயிரம்தானே?

கடைக்காரம்மா: ஆமா. இப்ப என்ன? குறைச்சுக் கேட்டுச் சண்டை போடறவங்களைப் பாத்திருக்கேன். குறைச்சதுக்குச் சண்டை போடற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்.

வந்தவர்: சின்னக் கார்டையே கொடுங்க. ஆடி அசைஞ்சு வரட்டும் ஓநாய். ரெண்டு கடையில சிரிச்சாங்க, பொறுத்துக்கிட்டேன். பரிதாபப்பட்டா பொறுக்க மாட்டேன்.

கடைக்காரம்மா: பரிதாபமா? உங்க மேலயா? வாயை அடக்கத் தெரியாம மகனை விரட்டின ஆளு மேல நான் ஏன் பரிதாபப்படணும்?

வந்தவர்: அப்ப எதுக்கு?

கடைக்காரம்மா: வாங்கிட்டுப் போங்க. நேரமாச்சு.

வந்தவர்: எதுக்குன்னு சொன்னாத்தான்.

கடைக்காரம்மா: நீங்க படி ஏறி வர்றதைப் பாத்துட்டுத்தான் வேலையாளுங்க ரெண்டு பேரையும் சாப்பிட அனுப்பினேன். யாரும் இல்லாதப்ப முடிச்சுரலாம்னு. மேல இருக்கிறவரைத் தவிர யாருக்கும் தெரிய வேண்டாம்னு. கெடுத்துட்டீங்க.

வந்தவர்: சொல்லும்மா.

கடைக்காரம்மா: ...எனக்கு அப்பப் பத்தொன்பது. இதே தெருவுல, பழைய முதலாளி கடையில சேர்ந்து ஒம்பதாவது நாள். ஒரு ப்ராசஸரைக் கோணலா வச்சு அழுத்திட்டேன். அடியில முடி மாதிரி இருக்கிற பின்னு, பதினாலு வளைஞ்சு போச்சு. அதோட விலை என் மூணு மாசச் சம்பளம். தெரிஞ்சா அன்னிக்கே வெளியே. வீட்டுல அடுப்பு எரியறதே அந்தச் சம்பளத்துலதான். அப்ப எதிர்ல இருந்த உங்க கடைக்கு ஓடி வந்தேன், இடுக்கி கேட்டு. நீங்க இடுக்கியைத் தரலை. ப்ராசஸரை வாங்கிக்கிட்டு, வாசல்ல நின்னவங்களையெல்லாம் ‘அப்புறம் வாங்க’ன்னு அனுப்பிட்டு உக்காந்தீங்க. ‘இந்தக் கைக்கு எதுக்கு இந்த வேலை, போய் மாவு பிசை’ன்னு திட்டிக்கிட்டே இருந்தீங்க. சாயங்காலம் கையில கொடுத்தீங்க. காசு நீட்டினேன், வாங்கலை. இந்த இருபத்திரண்டு வருஷத்துல எத்தனையோ பேர் நிமித்தினதைப் பாத்துட்டேன் அண்ணே. வளைஞ்ச தடம் கொஞ்சமாவது தெரியும். நீங்க நிமித்தினதுல மட்டும் தெரியவே இல்ல. அப்படி ஒரு கை. உங்களுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்காது.

வந்தவர்: தடம் எப்படிம்மா தெரியும்? ஏழாவது பின்னு என் இடுக்கியிலயே உடைஞ்சு வந்துருச்சு. நீ அழுத அழுகையில சொல்ல வாய் வரலை. ‘போய் முகத்தைக் கழுவிட்டு வா’ன்னு உன்னை அனுப்பிட்டு, சைக்கிளை எடுத்துட்டு மார்க்கெட் வரைக்கும் போய் வாங்கிட்டு வந்தேன். உன் கையில கொடுத்தது புதுசு... சரி, அழாதே. அந்தக் கார்டைப் பெட்டிக்குள்ள மாட்டு. பழசுன்னே பில் போடு.